கம்ப்ரஸர் வாங்கும்போது எச்பி-யில் தொடங்காதீர்கள்

"எத்தனை எச்பி போடலாம்?" காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. விற்பவரும் இதற்கே பதில் சொல்லிப் பழகியிருப்பார். ஆனால் எச்பி சொல்வது அந்த எந்திரம் இழுக்கும் சக்தியை. அது எவ்வளவு காற்றுத் தரும் என்பதை அது சொல்லாது. நமக்கு வேண்டியது காற்று. எந்த அழுத்தத்தில், நிமிடத்துக்கு எவ்வளவு, எவ்வளவு உலர்ந்த, எவ்வளவு சுத்தமான காற்று என்பதை முடிவு செய்துவிட்டால் எச்பி கடைசியில் தானாக வந்து நிற்கும்.

வாங்கும் விலையைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடலாம். தினமும் பல மணி நேரம் ஓடும் கம்ப்ரஸருக்குப் பத்தாண்டுகளில் ஆகும் மொத்தச் செலவில் மின்சாரம் மட்டும் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்திரத்தின் விலை அதற்கு முன்னால் சிறிய தொகை. விலையில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததை, தவறான அளவுள்ள எந்திரம் ஓரிரு ஆண்டிலேயே மின்கட்டணத்தில் எடுத்துக்கொண்டுவிடும்.

தேவையைக் கணக்கிடுவது

காற்றில் ஓடும் ஒவ்வொரு கருவியையும் எந்திரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஓடும்போது நிமிடத்துக்கு எத்தனை கனமீட்டர் காற்று இழுக்கிறது என்பது ஒன்று. ஒரு மணி நேரத்தில் உண்மையில் எத்தனை பங்கு நேரம் ஓடுகிறது என்பது மற்றொன்று. முதல் எண் கையேட்டில் இருக்கும். இரண்டாவதற்குத் தளத்தில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பணிமனையை எடுத்துக்கொள்வோம். கணினி கட்டுப்பாட்டில் ஓடும் நான்கு சிஎன்சி எந்திரங்கள், ஒவ்வொன்றும் 0.25 கனமீட்டர், 80 சதவீத நேரம்: சராசரி 0.8. மூன்று காற்றுக் கிரைண்டர்கள், ஒவ்வொன்றும் 0.6, 40 சதவீத நேரம்: 0.72. இரண்டு பெயின்ட் கன், ஒவ்வொன்றும் 0.4, பாதி நேரம்: 0.4. ஐந்து ஏர் கன், ஒவ்வொன்றும் 0.3, 10 சதவீத நேரம்: 0.15. கூட்டினால் 2.07. கசிவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 2.3. நாளை ஒரு எந்திரம் கூடலாம் என்று 20 சதவீதம் இடம் விட்டால் 2.8 கனமீட்டர்.

பங்கு நேரம் பார்க்காமல் எல்லாவற்றின் முழு எண்ணையும் கூட்டியிருந்தால் 5.1 வந்திருக்கும். அதற்கு 37 கிலோவாட் ஸ்க்ரூ (இரண்டு திருகு ரோட்டர்களால் காற்றை அழுத்தும் வகை) வாங்கச் சொல்வார்கள். 2.8-க்கு 18.5 கிலோவாட் போதும். 7 பார் அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு 3 கனமீட்டர் தரும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லோடு-அன்லோடு முறையில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸர், காற்றே தராமல் சும்மா சுற்றும்போதும் முழு சக்தியில் 25 முதல் 35 சதவீதத்தை இழுத்துக்கொண்டிருக்கும். 2.3 கனமீட்டர் தேவைக்கு 37 கிலோவாட் எந்திரம் சராசரியாக 20 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். 18.5 கிலோவாட் எந்திரம் 15, 16 கிலோவாட்டில் அதே வேலையை முடித்துவிடும். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் சுமார் 30,000 யூனிட்.

மூன்று கிரைண்டரும் இரண்டு பெயின்ட் கன்னும் நான்கு சிஎன்சி-யும் ஒரே நேரத்தில் ஓடினால்? தேவை 3.6-க்குப் போகும், 0.6 குறையும். அந்தக் குறை ஒன்றரை நிமிடம் நீடிக்கும் என்றால் அதைச் சமாளிப்பது டேங்கின் வேலை. அதற்காகப் பெரிய எந்திரம் வாங்க வேண்டியதில்லை. டேங்க் அளவுக்கான கணக்கு எளிது: குறையும் காற்றை நேரத்தால் பெருக்கி, எத்தனை பார் இறங்கினால் பரவாயில்லையோ அதனால் வகுக்க வேண்டும். 0.6 × 1.5 ÷ 1 = 0.9 கனமீட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று போதும்.

எண் பலகையில் ஒளிந்திருப்பவை

காற்றின் அளவைச் சொல்லும் எண்கள் எல்லாம் ஒன்றல்ல. பிஸ்டன் கம்ப்ரஸர் விற்பவர் சொல்வது பல நேரம் டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் துடைத்துச் செல்லும் கன அளவு. டேங்குக்கு வந்து சேரும் காற்று அதைவிடக் குறைவு. சிலிண்டர் தலையில் மிஞ்சும் இடம், வால்வ் கசிவு, உள்ளே வந்ததும் காற்று சூடாகி விரிவது எல்லாம் சேர்ந்து 60 முதல் 75 சதவீதம்தான் கிடைக்கும். நீங்களே சரிபார்க்கலாம். 80 மி.மீ. விட்டம், 60 மி.மீ. ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 900 சுற்று என்றால் டிஸ்ப்ளேஸ்மென்ட் நிமிடத்துக்கு 543 லிட்டர், அதாவது 19 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). கிடைப்பது 325 முதல் 410 லிட்டருக்குள். இரண்டு ஸ்டேஜ் எந்திரத்தில் முதல் ஸ்டேஜ் சிலிண்டரை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாவது சிலிண்டர் அதே காற்றைத்தான் மறுபடி அழுத்துகிறது. அதையும் சேர்த்து எழுதிய பலகைகளும் உண்டு.

கேட்க வேண்டியது எஃப்ஏடி. இழுக்கும் இடத்தின் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் திருப்பிக் கணக்கிட்ட, வெளியே வரும் காற்றின் அளவு அது. கம்ப்ரஸர் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 1217 முறைப்படி அளந்ததா, எந்த அழுத்தத்தில் அளந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். 'நார்மல் கனமீட்டர்' என்று வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். அது 0 டிகிரியில், உலர்ந்த காற்றுக்கான அளவு. 35 டிகிரி காற்றை இழுக்கும் எந்திரத்தில் இரண்டுக்கும் நடுவே 12 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். உங்கள் தேவை நார்மல் கனமீட்டரில் இருந்து, எந்திரம் எஃப்ஏடி-யில் இருந்தால், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு வாங்கிய எந்திரம் சிறியதாகிவிடும்.

அலகுகளை மாற்ற இரண்டு எண்கள் போதும்: நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் என்பது 35.3 சிஎஃப்எம், ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. தோராயமாக ஒரு எச்பி-க்கு 7 பாரில் 4 சிஎஃப்எம். இதைவிட மிக அதிகமாக யாராவது சொன்னால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஒப்பிட உதவும் ஒரே நேர்மையான எண், நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் காற்றுக்கு எத்தனை கிலோவாட் என்பது. எண்ணெய் ஊற்றும் ஸ்க்ரூ எந்திரத்தில் 7 பாருக்கு 6 முதல் 7 கிலோவாட் வரை வரும். இதைக் கேட்கும்போது மோட்டாரின் பெயர்ப்பலகை எண்ணைத் தருவார்கள். அது போதாது. குளிர்விக்கும் ஃபேன், டிரைவ் இழப்பு எல்லாம் சேர்த்து மீட்டரில் ஓடும் மொத்த சக்தி வேண்டும். பெல்ட் டிரைவ் என்றால் அதிலேயே 3 முதல் 5 சதவீதம் போகும்.

அழுத்தத்தைக் கூட்டுவது மருந்தல்ல

பெரும்பாலான காற்றுக் கருவிகளுக்கு 6 பார் போதும். டிரையர், ஃபில்டர், குழாய், ஹோஸ் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு பாருக்குள் இழப்பு இருந்தால் கம்ப்ரஸர் 7 பாரில் ஓடலாம். நடப்பது வேறு. ஷெட்டின் கடைசியில் ஒரு எந்திரத்துக்கு அழுத்தம் போதவில்லை என்று யாரோ சொல்வார்கள். கம்ப்ரஸரை 9 பாருக்கு ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு பாருக்கும் 6, 7 சதவீதம் மின்சாரம் கூடும். கசிவும் கூடும். ஓட்டை வழியே போகும் காற்று முழு அழுத்தத்துக்கு (கேஜ் காட்டுவதோடு வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தது) நேர்விகிதம் என்பதால், 8 பார் முழு அழுத்தம் 10 ஆனால் கசிவு கால் பங்கு அதிகம். ரெகுலேட்டர் இல்லாத ஒவ்வொரு ஏர் கன்னும் அதே விகிதத்தில் அதிகம் குடிக்கும். குற்றவாளியைத் தேடினால் அந்த ஒற்றை எந்திரத்துக்குப் போகும் 6 மி.மீ. ஹோஸோ, சின்ன கப்ளரோ, மாதக்கணக்கில் மாற்றாத ஃபில்டரோதான் அகப்படும்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான்: கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரஸர் வாயில், டிரையருக்குப் பின், குழாயின் கோடியில், கருவியின் வாயில் என்று நான்கு இடங்களில் ஒரே கேஜை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கருவி நிற்கும்போது பார்த்தால் எல்லா இடமும் ஒரே எண்ணைத்தான் காட்டும்; காற்று ஓடாத குழாயில் இழப்பே கிடையாது.

எந்த வகை

காற்றை 1 பாரிலிருந்து 8 பார் முழு அழுத்தத்துக்கு ஒரே மூச்சில், குளிர்விக்காமல் அழுத்தினால், 20 டிகிரியில் நுழைந்த காற்று கணக்குப்படி 255 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். இந்தச் சூட்டை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

பிஸ்டன் எந்திரம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் ஸ்டேஜில் ஏறக்குறைய 2.8 மடங்கு அழுத்தி, நடுவே இன்டர்கூலரில் ஆறவைத்து, மறுபடி 2.8 மடங்கு அழுத்தினால் ஒவ்வொரு கட்டத்திலும் சூடு 120 டிகிரி அளவில் நின்றுவிடும். ஒற்றை ஸ்டேஜ் எந்திரத்தை 7 பாருக்கு மேல் நாள்பூராவும் ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். சூட்டில் எண்ணெய் கருகி வால்வில் கரியாகப் படியும். கரி படிந்த வால்வ் சரியாக மூடாது. மூடாத வால்வ் வழியே சூடான காற்று திரும்பி வந்து மறுபடி அழுத்தப்படும். சூடு இன்னும் ஏறும். டெலிவரிக் குழாயில் தீப்பிடிப்பது இப்படித்தான். காற்றால் குளிரும் பிஸ்டன் எந்திரத்துக்கு 60, 70 சதவீதம் ஓட்டம், மீதி ஓய்வு என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டுக் காற்று தேவைப்படும் இடத்துக்கும், 7.5 கிலோவாட்டுக்குக் கீழான வேலைக்கும் அது இன்றும் நல்ல எந்திரம். அன்லோடில் சும்மா சுற்றாமல் நின்றுவிடும். உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்க்க முடியும்.

எண்ணெய் ஊற்றும் ஸ்க்ரூவில் இரண்டு ரோட்டர்களுக்கு நடுவே எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அந்த எண்ணெய் மூன்று வேலை செய்கிறது: உயவிடுகிறது, இடைவெளியை அடைக்கிறது, சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே ஸ்டேஜில் அழுத்தியும் வெளியே வரும் காற்று 80, 90 டிகிரியில் நிற்கிறது. நாள்பூராவும் நிற்காமல் ஓடலாம். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அதற்குத் தகுதியும் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஸ்க்ரோல் சத்தம் குறைவானது, அளவில் சிறியது; ஆய்வகத்துக்கும் பல் மருத்துவமனைக்கும் பொருந்தும். சென்ட்ரிஃபியூகல் பெரிய ஆலைகளுக்கு. தேவை மிகவும் குறைந்தால் சர்ஜ் ஆகும், அதாவது காற்று பின்னோக்கி அடித்து எந்திரம் அதிரும் என்பதால் காற்றை வெளியே கொட்ட வேண்டி வரும். ஆகவே சீரான தேவை இருக்கும் இடத்துக்கு மட்டும். அரை பார், ஒரு பார் போதும் என்ற வேலைகளுக்கு, உதாரணமாகத் தொட்டியில் தண்ணீரைக் கலக்குவதற்கு, கம்ப்ரஸரே வேண்டாம், புளோயர் போடுங்கள். 7 பார் காற்றை ரெகுலேட்டரில் இறக்கி அங்கே விடுவது காசை ஊதித் தள்ளுவதுதான்.

தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஸ்டி பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். இப்போது எல்லோரும் அதையே விற்கிறார்கள். தேவை ஏறி இறங்கும் இடத்தில் அது உண்மையிலேயே மிச்சப்படுத்தும். தேவை எப்போதும் முழு அளவை ஒட்டி இருக்கும் இடத்தில் டிரைவின் இழப்பால் சில சதவீதம் கூடுதலாகவே தின்னும். தேவைக்கு மிகப் பெரிய விஎஸ்டி வாங்கி அது எந்நேரமும் குறைந்தபட்ச வேகத்திலேயே ஓடினால் எண்ணெய் சூடாகாமல் தண்ணீர் சேரும். இரண்டு எந்திரம் போடுவதாக இருந்தால் ஒன்று நிலையான வேகம், ஒன்று விஎஸ்டி என்பது நல்ல ஜோடி. ஆனால் விஎஸ்டி-யின் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் உள்ள இடைவெளி, நிலையான எந்திரத்தின் முழு அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு தேவைக்கு இரண்டாலும் பொருந்த முடியாமல் நிலையான எந்திரம் நிமிடத்துக்கொரு முறை லோடாகி அன்லோடாகிக் கொண்டிருக்கும்.

எண்ணெயில்லாக் காற்று யாருக்கு

மருந்து, உணவு, மின்னணுப் பாகங்கள் என்று காற்று பொருளைத் தொடும் இடங்களுக்கு ஆயில் ஃப்ரீ எந்திரம் தேவைப்படலாம். டிரை ஸ்க்ரூவில் ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் டைமிங் கியரில் ஓடும். சூட்டை எடுக்க எண்ணெய் இல்லாததால் இரண்டு ஸ்டேஜ். விலை வெகுவாகக் கூடும். சிஎன்சி-க்கும் கிரைண்டருக்கும் இது வீண்.

ஒரு நுணுக்கம். ஆயில் ஃப்ரீ எந்திரம் தானாக எண்ணெய் சேர்க்காது, அவ்வளவுதான். டீசல் புகை சூழ்ந்த இடத்தில் இழுத்தால் அந்த ஆவி உள்ளே போகத்தான் செய்யும். எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதைக் காற்றின் சுத்தத்துக்கான ஐஎஸ்ஓ 8573-1 தரத்தின் வகுப்பாகக் குறிப்பிடுங்கள். 1.4.1 என்றால் முதல் எண் தூசி, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது எண்ணெய். எண்ணெய் வகுப்பு 1 என்பது கனமீட்டருக்கு 0.01 மில்லிகிராம், தண்ணீர் வகுப்பு 4 என்பது 3 டிகிரி அழுத்தப் பனிநிலை (அந்த அழுத்தத்தில் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), வகுப்பு 2 என்பது மைனஸ் 40.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

புகார்களில் பாதி தண்ணீரைப் பற்றியது. எந்திரம் தண்ணீர் தயாரிப்பதில்லை. காற்றில் இருந்ததையே அது பிழிந்தெடுக்கிறது. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 70 சதவீத ஈரப்பதம் என்றால் 21 கிராம். நிமிடத்துக்கு 10 கனமீட்டர் இழுக்கும் எந்திரம் எட்டு மணி நேரத்தில் 100 லிட்டர் தண்ணீரை ஆவியாக உள்ளே இழுத்துவிடும். அதை 7 பாருக்கு அழுத்தி, வெளிவரும் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரில் 40 டிகிரிக்கு ஆற்றினால் 70 லிட்டர் அங்கேயே திரவமாகும். மீதி ஆவியாகவே குழாயில் போய், குழாய் ஆற ஆறச் சொட்டும். இரவில் தண்ணீரை வெளியேற்றும் வால்வ் ஒன்று அடைத்துக்கொண்டால் காலையில் பெயின்ட் கன் வழியே தண்ணீர் தெறிப்பதற்கு இதுவே போதும்.

ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் காற்றை 3 டிகிரி வரை ஆற்றித் தண்ணீரைப் பிரித்துவிடும். குழாய் அதைவிடக் குளிராத எந்த இடத்திலும் பிறகு சொட்டாது. பொதுவான வேலைக்கு இது போதும். குழாய் உறைநிலைக்குப் போகும் இடங்களுக்கும், ஈரத்தைத் தொடக் கூடாத பொருட்களுக்கும், ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய டெசிகன்ட் டிரையர் வேண்டும். மைனஸ் 40 கிடைக்கும். விலை? சூடேற்றாத வகையில் 15 சதவீதக் காற்று மணிகளைக் காயவைக்கவே போய்விடும். 3 கனமீட்டர் எந்திரத்தில் கிட்டத்தட்ட அரை கனமீட்டர்! எந்திரத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சேர்க்காவிட்டால் அது முதல் நாளிலிருந்தே பற்றாது. அந்த மணிகளில் எண்ணெய் படிந்தால் அவ்வளவுதான், மாற்றியாக வேண்டும். முன்னால் நல்ல எண்ணெய் ஃபில்டர் இல்லாமல் டெசிகன்ட் போடாதீர்கள்.

டிரையர் வாங்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதன் திறன் பெரும்பாலும் 35 டிகிரி காற்று நுழைவதாகவும் சுற்றுப்புறம் 25 டிகிரி என்றும் வைத்து எழுதப்படுகிறது. உங்கள் அறை 40 டிகிரி, நுழையும் காற்று 50 டிகிரி என்றால் அதே டிரையர் எழுதியதில் பாதி வேலையைச் செய்தாலே பெரிது. தயாரிப்பாளரின் திருத்த அட்டவணையைக் கேட்டு வாங்கி, அந்தக் கணக்கில் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: கம்ப்ரஸர், டேங்க், முன் ஃபில்டர், டிரையர், நுண் ஃபில்டர். திடீரென்று பெரிய அளவில் காற்று இழுக்கும் எந்திரம் இருந்தால் டிரையருக்குப் பின் இன்னொரு டேங்க். இல்லாவிட்டால் அந்த இழுப்பில் டிரையரின் திறனுக்கு மேல் காற்று பாய்ந்து ஈரத்தோடு தாண்டிப் போய்விடும். டேங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வான ட்ரெய்ன் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்தித் தினமும் பாருங்கள். டைமர் ட்ரெய்ன் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்து காற்றையும் விடும். மட்டம் பார்த்துத் திறப்பது கொஞ்சம் விலை கூடினாலும் மேல். வெளிவரும் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். பிரிக்காமல் சாக்கடையில் விடக் கூடாது.

அறையும் குழாயும்

மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 37 கிலோவாட் எந்திரம் அந்த அறையில் 37 கிலோவாட் ஹீட்டர்தான். அறைக்காற்றை 10 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் காக்க மணிக்கு 11,000 கனமீட்டர் காற்று அறை வழியே ஓட வேண்டும். ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் போதாது. சூடான காற்றை டக்ட் போட்டு வெளியே கொண்டுபோங்கள். அந்த டக்டின் வாய் காற்று நுழையும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இழுக்கும் காற்றில் 4 டிகிரி கூடினால் அதே அளவு காற்றுக்கு ஒரு சதவீதம் மின்சாரம் கூடும். சூடு தேவைப்படும் இடங்களில் அதையே தண்ணீர் காய்ச்சவும் அறையைச் சூடாக்கவும் திருப்பிவிடலாம். மலைப்பகுதியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் 16 சதவீதத்துக்கு மேல் குறைவு. அதே எந்திரம் அதே விகிதத்தில் குறைந்த எடைக் காற்றைத்தான் தரும்.

மெயின் குழாயில் காற்றின் வேகம் விநாடிக்கு 6 மீட்டரை ஒட்டி இருக்கட்டும். 10 கனமீட்டர் எஃப்ஏடி 7 பாரில் 1.25 கனமீட்டராகச் சுருங்கும். 6 மீட்டர் வேகத்துக்கு உள்விட்டம் 66 மி.மீ. வருகிறது. 80 மி.மீ. போடுங்கள். இரண்டு அளவுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு பெரிதாக்குவதுதான் செலவு. முடிந்தால் வளையமாகச் சுற்றி இணையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இரு பக்கத்திலிருந்தும் காற்று வரும். நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுத்து, கிளைகளைக் குழாயின் மேற்புறத்திலிருந்து வாத்துக் கழுத்துபோல வளைத்து எடுங்கள். அடியில் ஓடும் தண்ணீர் கருவிக்குப் போகாது. பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். காற்றழுத்தத்தில் அது உடைந்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும்.

கெடுவது ஏன்

ஸ்க்ரூ எந்திரம் சூடாகி நின்றுவிட்டால், பொதுவாக 105 முதல் 110 டிகிரியில் நிற்கும், ஆட்கள் முதலில் எண்ணெயை மாற்றுவார்கள். வரிசையாகப் போங்கள். அறை வெப்பம் எவ்வளவு? கூலரின் தகடுகளில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறதா? காற்று ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊத வேண்டும். அதே பக்கத்திலிருந்து ஊதினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். எண்ணெய் மட்டம் சரியா? எண்ணெய் ஃபில்டர் அடைத்ததா? எல்லாம் சரியென்றால் தெர்மோஸ்டாட் வால்வ். கூலருக்குள் நுழையும் குழாயைத் தொலைவிலிருந்து அளக்கும் வெப்பமானியில் பாருங்கள். எந்திரம் கொதிக்கிறது, கூலருக்குப் போகும் குழாய் ஆறியிருக்கிறது என்றால் எண்ணெய் கூலருக்கே போகவில்லை; வால்வ் சிக்கியிருக்கிறது.

காற்றோடு எண்ணெய் வந்தால் எல்லோரும், காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் செபரேட்டரையே குறை சொல்வார்கள். அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். நிறுத்தி, அழுத்தம் இறங்கி, எண்ணெய் அடங்கிய பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும். செபரேட்டரின் அடியில் தேங்கும் எண்ணெயைத் திரும்ப இழுக்கும் மெல்லிய ஸ்கேவஞ்ச் குழாயின் துளை அடைத்திருக்கலாம். பல நேரம் இதுதான் காரணம். ஐந்து நிமிட வேலை. மூன்றாவது, எந்திரம் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது. அழுத்தம் குறைந்தால் அதே காற்று அதிக இடம் பிடிக்கும், செபரேட்டர் வழியே வேகம் கூடும், எண்ணெயை அள்ளிக்கொண்டு போகும். மினிமம் பிரஷர் வால்வ் 4 பாருக்குக் கீழ் திறக்காமல் பிடித்து வைப்பதற்கு இது ஒரு காரணம். எண்ணெயைச் சுற்றவைப்பது இன்னொன்று. செபரேட்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் ஒரு பாரைத் தொட்டால் மாற்றுங்கள்.

சூடு அதிகமானால் மட்டும்தான் கெடும் என்று நினைக்க வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம், அதிலும் விட்டு விட்டு ஓடும் ஸ்க்ரூவில் எண்ணெய் போதுமான சூட்டுக்கு வராது. காற்றின் ஈரம் உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் கலக்கும். பால்போல் வெளுத்த எண்ணெயைப் பார்த்தால் அது தண்ணீர். பேரிங் துருப்பிடிப்பது அடுத்த கட்டம். பல மணி நேரம் நின்ற எந்திரத்தைக் கிளப்பும் முன் எண்ணெய்த் தொட்டியின் அடி வால்வைத் துளி திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் வந்ததும் மூடிவிடுங்கள்.

எண்ணெயில் வகை கலப்பது ரோட்டர்கள் இருக்கும் ஏர் எண்டையே கொல்லும். பாலிகிளைக்கால் எண்ணெயும் மினரல் எண்ணெயும் சேர்ந்தால் கசடாகக் கட்டிக்கொள்ளும். தொட்டியில் இருப்பது எதுவென்று தெரியாமல் மேலே ஊற்றி நிரப்ப வேண்டாம். புது எந்திரத்தை மின்சாரத்தில் இணைத்ததும் ஃபேஸ் வரிசையைச் சரிபாருங்கள். எதிர்த்திசையில் சில விநாடி சுற்றினாலே ரோட்டருக்கு உயவு கிடைக்காது.

பிஸ்டன் எந்திரம் தன் நோயைத் தானே சொல்லும். ஓடும்போது இழுக்கும் ஃபில்டர் வழியே காற்று வெளியே புசுபுசுவென்று வந்தால் முதல் ஸ்டேஜின் இழுப்பு வால்வ் உடைந்திருக்கிறது. நடு அழுத்தம் 2 பாரை ஒட்டி இருக்க வேண்டியது ஏறிப்போய், இன்டர்கூலரின் சேஃப்டி வால்வ் திறந்தால் இரண்டாம் ஸ்டேஜின் வால்வ் கசிகிறது. நின்ற பிறகும் பிரஷர் ஸ்விட்சின் அடியில் சீறல் நிற்கவில்லையென்றால் நான்-ரிட்டர்ன் வால்வ் போய்விட்டது. அப்படியே விட்டால் மோட்டார் சுமையோடு கிளம்பிக் கருகும்.

ஒப்பந்தத்தில் எழுதவும், வந்ததும் அளக்கவும்

விலைப்புள்ளி கேட்கும்போது எஃப்ஏடி, அந்த அழுத்தம், மொத்த கிலோவாட், அன்லோடில் எத்தனை கிலோவாட், எத்தனை டிகிரி அறைவெப்பம் வரை ஓடும், எண்ணெய், ஃபில்டர், செபரேட்டர் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு முழுச் சுற்று சர்வீஸின் பாகங்களுக்கு என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். மினரல் எண்ணெய் 2,000 மணியிலும் சிந்தெடிக் 4,000 முதல் 8,000 மணியிலும் மாறும். தூசி நிறைந்த இடத்தில் இரண்டும் சுருங்கும்.

எந்திரம் நிறுவியதும், டேங்கின் சேஃப்டி வால்வும் சோதனைச் சான்றும் சரிபார்த்த பிறகு, காற்றைப் பயன்படுத்தும் எல்லா எந்திரத்தையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். எத்தனை விநாடி லோடில் இருக்கிறது, எத்தனை விநாடி அன்லோடில் இருக்கிறது என்று ஐந்தாறு சுற்றுகள் எடுத்துக்கொள்ளுங்கள். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் சதவீதம் கிடைக்கும். 40 விநாடி லோடு, 160 விநாடி அன்லோடு என்றால் 20 சதவீதம். பத்துக்குக் கீழ் கொண்டுவரப் பாருங்கள். 7 பாரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 0.6 கனமீட்டர் வரை விடும். ஏறக்குறைய 4 கிலோவாட். நம் பணிமனையில் மூன்று கிரைண்டரின் சராசரித் தேவைக்குக் கொஞ்சம்தான் குறைவு. கப்ளர், ஹோஸ் கிளாம்ப், ஃபில்டர் கிண்ணத்தின் ஓரிங், திறந்தே கிடக்கும் ட்ரெய்ன், இந்த நான்கிடத்தில் சோப்புத் தண்ணீரோடு முதலில் தேடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையை அதே அழுத்தத்தில் செய்து, எண்ணை எந்திரத்தின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.